கோழி முத்திரைத் துப்பாக்கி

மஞ்சக்குப்பம், கடலூர்.
14.10.2025, செவ்வாய், காலை 7.30

அன்புள்ள மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு,

ஞானசேகரன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா கலைமணியும் இங்கே நலம். சிதம்பரத்தில் நீயும் சத்யப்பிரியாவும், மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கும் உன் மகள், என் மருமகள் ஸ்ரீமதியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்கு ராத்திரித் தூக்கம் வந்து பதினெட்டு நாளாகிறது என்று சத்யப்பிரியா சொன்னாள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நன்றாகத் தூங்கு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போனில் அந்தச் சொல்லை உச்சரிக்கவே கூடாது, எல்லாம் பதிவாகிறது என்று நீ சொன்னதால்தான் இந்தக் காலத்தில் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக 'மிக்சி' என்று பேசிக்கொள்ளலாம் என்றாய். அதிலும் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. போன புதன்கிழமை நீ "மிக்சி பத்திரமா இருக்கா மாமா?" என்று கேட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அக்கா அதைக் கேட்டுவிட்டு, தம்பி தீபாவளிக்கு மிக்சி அனுப்பியிருக்கிறான், கூரியர்காரர்கள் எங்கேயோ வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு இளவரசியிடம் சொல்லிவிட்டாள். நீ ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். மூன்று ஜார் உள்ளதாக வாங்கவும்.

நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்கிறேன். முப்பத்துநாலு வருஷம் மாவட்டச் செய்தி எழுதியவனுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை, காலை எட்டேமுக்கால் மணிக்கு நீ எனக்குப் போன் செய்தாய். ஸ்ரீமதியின் வேலை உத்தரவுக்கு முன்னால் போலீஸ் விசாரணை வரும், காவலர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து, இந்தப் பெண்ணைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பாதகமாக எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாய். அதற்காக வீட்டைச் சுத்தம் செய்து, பூஜை அறைப் பரணைக் காலி செய்தபோது தேக்குப் பெட்டி கைக்கு வந்தது. அதற்குள் காலம்சென்ற என் மாமனார், உன் தகப்பனார், ராமாமிர்தம் அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று மட்டும் வெளியில் எடுத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து மறுபடி மூடிவைக்கும் கைத்துப்பாக்கி. நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாமா, போலீஸ்காரர் வர்ற வீட்ல லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வெச்சிருக்கேன் மாமா. கேஸாயிட்டா எம்பொண்ணு வேலை போயிடும். பேசாம பாசிமுத்தான் ஓடைல போட்டுட்டு வந்துடறேன்." ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, மறுநாள் காலையில் யாராவது எடுத்து ஸ்டேஷனில் கொடுப்பார்கள், கூட்டுறவு வங்கி காசாளர் விடியற்காலையில் ஓடைக்கரையில் பெட்டியோடு நின்றதைப் பார்த்ததாகப் பத்துப் பேர் சொல்வார்கள் என்று நான் எடுத்துச் சொன்னதும் நீ அழுதாய். அழுததை இங்கே எழுதுவது குத்திக்காட்ட அல்ல, விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

28-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரம் வந்து பொருளை வாங்கிக்கொண்டேன். இரண்டு பழைய தினசரிகளில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, அதன்மேல் சத்யப்பிரியா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை வைத்து, பகல் பன்னிரண்டே கால் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் ஜாஸ்தி. பையை மடியில் வைத்திருந்தேன். புதுச்சத்திரத்தில் ஏறிய பெண்மணி ஒருவர் தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, பையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் அதை எடுத்து முன்புறப் பலகையில், ஓட்டுநரின் தலைக்கு நேர் பின்னால் செருகினார். குழலின் வாய் ஓட்டுநரைப் பார்த்திருந்தது. வேகத்தடைக்கு வேகத்தடை பை துள்ளியது. எனக்கு இருந்த கவலையெல்லாம் புளியோதரையின் எண்ணெய் மரக் கைப்பிடியில் இறங்கிவிடுமோ என்பதுதான். நல்லவேளை, இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். சட்டத்தில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. மிகப் பழையதாக, இனிப் பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக இருக்கும் ஆயுதத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே இது என்ன, எந்த ஊர், எந்தக் காலம் என்பது நிச்சயமாகிவிட்டால் உன் தூக்கம் திரும்பிவிடும், ஸ்ரீமதியின் காகிதமும் சுத்தமாகிவிடும். அளவுகளைக் குறித்துக்கொள். மொத்த நீளம் 36 சென்டிமீட்டர். குழலின் நீளம் 20.4. குழல் வாயின் உள்விட்டம் 14 மில்லிமீட்டர். எடை 1 கிலோ 60 கிராம், இது மார்க்கெட்டில் கத்திரிக்காய்க் கடையின் மின்தராசில் பையோடு நிறுத்து, பையின் எடையைக் கழித்தது. கைப்பிடி வாதுமை மரம், அடியில் பித்தளைப் பூண். குண்டும் மருந்தும் வாய்வழியாகப் போட்டு இடிக்கிற வகை. பின்னால் சுத்தியல்போல ஒன்று மேலே நிமிர்ந்து நிற்கும், அதைக் குதிரை என்பார்கள். விசையை இழுத்தால் குதிரை இறங்கி ஒரு சிறு செப்புக் கேப்பைத் தட்டும். தீபாவளிக்குக் கேப்பு வெடிக்கிறோமே, அதே சங்கதிதான், அளவில் பெரிசு. நம்முடையதில் குதிரை செயலிழந்து தலைகுனிந்து கிடந்தது. கேப்பும் இல்லை.

உன் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த கதையையும் பரிசீலித்தேன். எம்டன் கப்பலிலிருந்து ஒரு ஜெர்மன் மாலுமி பரங்கிப்பேட்டையில் கரையேறி, உன் கொள்ளுத்தாத்தா வீட்டில் சுறாப்புட்டு சாப்பிட்டுவிட்டு, நன்றிக்கு இதைக் கொடுத்தான் என்பது கதை. எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பரில். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் மாலுமி, அவனுடைய தாத்தாவே கைவிட்டிருக்க வேண்டிய துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்க முடியாது. தவிர, உன் கொள்ளுத்தாத்தா வீட்டில் சைவம். ஆகவே அந்தக் கதையை நிராகரித்துவிட்டேன். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடந்த காலத்தில் வந்துபோன வெள்ளைக்காரர் யாரிடமாவது இருந்து வந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது 30-ம் தேதி. நான் தபால் ஆபீஸ் போய்வருவதற்குள் உன் அக்கா அதை அலமாரியிலிருந்து எடுத்து, புளியும் சாம்பலும் தென்னை நாரும் போட்டு, பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்துவிட்டாள். தொண்ணூறு வருஷச் சந்தனம் செதில்செதிலாக உதிர்ந்து கிணற்றடி மணத்தது. குழல் வாயில் அடைத்திருந்ததைச் சேலை ஊக்கால் எட்டுகிறவரை நோண்டி எடுத்திருந்தாள். நான் கேட்டதற்கு, "பூஜைல வெக்கிற சாமான அழுக்கோடவா வெப்பாங்க? அவுங்க வீட்ல தேய்க்காம வெச்சதாலதான் இத்தன நாளு வீட்டுக்கு ஒண்ணும் சேரல" என்றாள். அவுங்க வீடு என்று அவள் சொன்னது அவளுடைய பிறந்த வீட்டைத்தான். மறுநாள் ஆயுத பூஜை. என் டைப்ரைட்டர், அவளுடைய தையல் மிஷின், அரிவாள்மணை, நடுவில் துப்பாக்கி, அதன்மேல் பொரிகடலை. இளவரசி வந்து அதைக் கையில் எடுத்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தாள். யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளும் குடும்பக் குழுவைத் தவிர வேறு யாருக்கும் அனுப்பவில்லை.

ஆனால் அந்தத் தேய்ப்பில்தான் உண்மை வெளியே வந்தது. குழலின் அடியில் உன் தகப்பனார் மயில் என்று சொல்லி, முருகன் வாகனம் என்று கற்பூரம் காட்டிவந்த சின்ன முத்திரை இருக்கிறதல்லவா. சந்தனம் போனபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மயில் இல்லை, கோழி. தெளிவான பெட்டைக்கோழி. தோகை என்று நினைத்தது அது நிற்கிற மேடு. ஜெர்மனியில் ஸூல் என்று ஓர் ஊர், துப்பாக்கி செய்கிறதற்கே பெயர்போனது, அந்த ஊரின் அடையாளம் கோழி. புதுச்சேரியில் எழிலன் என்பவர் இருக்கிறார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர், பதினொன்று வைத்திருக்கிறார், பதினொன்றுக்கும் காகிதம் வைத்திருக்கிறார். அவருக்கு முத்திரையின் படத்தை அனுப்பினேன். நாலு நிமிஷத்தில் கூப்பிட்டார். "ஐயா, இது ஸூல் சரக்கு. ஆயிரத்தெண்ணூத்தி நாப்பதுக்கு முன்னப்பின்ன. இனிமே அதத் தொடாதீங்க. தொடைக்காதீங்க, எண்ணெ போடாதீங்க. அதுல இருக்கற திருகாணியோட மரை மட்டும் கையால அறுத்ததா, மெஷின்ல அறுத்ததான்னு யாராவது கண்ணு நல்லா தெரியறவங்கள வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கண் நன்றாகத் தெரிகிறவர் என்றால் எனக்குத் தெரிந்து திருப்பாதிரிப்புலியூரில் தையல் மிஷின் மெக்கானிக் கதிரவன்தான். 4-ம் தேதி சனிக்கிழமை அவரிடம் கொண்டுபோனேன். பார்க்க மட்டும் செய்யுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்க்கடையில் டீ சாப்பிடப் போனேன். போய்வர பன்னிரண்டு நிமிஷம். திரும்பி வந்தால் குதிரை நிமிர்ந்து நிற்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகளிடம் ஒரு பொருளை வெறுமனே பார்க்கச் சொல்வது, பசித்தவனிடம் இலையைப் போட்டுப் பரிமாறி, பார் என்பதைப் போன்றது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். "ஆணி கையால அறுத்ததுதான் சார். உள்ள ஸ்பிரிங்கு ஒடிஞ்சி ஒதுங்கிக் கெடந்துது. மனசு கேக்கல. பழைய மெஷின் ஸ்பிரிங்கு ஒண்ண வளைச்சி உட்டேன். இப்ப பாருங்க எப்படிப் பேசுதுன்னு" என்று சொல்லி ஏழு தடவை சொடுக்கிக் காட்டினார். மூன்று தடவை காலண்டரைக் குறிவைத்து, ஒரு தடவை விளையாட்டாகத் தன் மைத்துனரைக் குறிவைத்து. பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது, ஒரு கம்பியை விட்டுக் குத்தித் தள்ளட்டுமா என்று கேட்டார். எழிலன் சொன்னது ஞாபகம் வந்ததால் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். பதினேழு வருஷத்துக்கு முன் அவர் தெருவில் சாக்கடை தேங்கியதை நான் எழுதினேனாம்.

9-ம் தேதி வியாழக்கிழமை எழிலன் நேரில் வந்தார். பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொருளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதுமேல ஒரு பழுப்பு இருந்திருக்குமே ஐயா, அத யாரு எடுத்தது?" என்று கேட்டார். உன் அக்கா காபி டம்ளரோடு வந்து, "நாந்தான் தம்பி. பூண்ல இன்னும் கொஞ்சம் இருக்கு. நாளைக்கி எடுத்துடறேன்" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே அந்தப் பழுப்புக்குத்தானாம். பொருள் நூற்றெண்பது வருஷம் உயிரோடு இருந்ததற்கு அதுதான் சாட்சியாம். அந்தப் பழுப்போடு இருந்தால் ஒன்றரை லட்சம் தயங்காமல் கொடுத்திருப்பாராம். இப்போது அறுபதாயிரம் தருகிறேன் என்றார். புளிக்குத் தொண்ணூறாயிரம் போயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, உன் அக்காதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பளபளன்னு இருந்தா வெல கொறையுமா? அப்ப நகைக்கடைல எல்லாம் கரி பூசித்தான் விப்பாங்களா?" என்று கேட்டாள். எழிலன் காபியைக் குடித்து முடித்தார். அதன்பிறகு குதிரையைத் தூக்கிப் பார்த்தார், அது நின்றது. விசையைத் தொட்டார், இறங்கியது. முகம் மாறிவிட்டது. அசல் நிலையில் இயங்குகிற விசைக்கட்டு என்றால் எண்பதாயிரம் என்றார். உள்ளே இருப்பது தையல் மிஷின் ஸ்பிரிங் என்பதை நான் சொல்லிவிட்டேன். கேட்காத கேள்விக்கும் உண்மையைச் சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. மறுபடி அறுபதாயிரம் ஆயிற்று. அதுவும் போலீஸ் சான்றிதழ் கைக்கு வந்தபிறகுதான் என்றார். நியாயமான மனுஷர்.

ஆக, நிலைமை இதுதான். வாங்குகிறவருக்கு அது உயிரோடு இருக்க வேண்டும், போலீஸுக்கு அது செத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பொருளில் எப்படிச் சாதிப்பது என்று நீ பயப்படுவாய். நான் பயப்படவில்லை. மறுநாள், 10-ம் தேதி, இங்கே இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். இளவயது, மரியாதையான மனிதர், என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார். உறவினர் வீட்டில் பழம்பொருள் ஒன்று கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். உன் பெயரையோ ஊரையோ சொல்லவில்லை. தகவல் கொடுத்தவர் பெயரை வெளியிடாமல் இருந்து பழகியவன் நான். அவர் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆயுதப்படைல ஆர்மரர் இருக்காரு சார். துப்பாக்கி பாக்கறதே அவரு வேல. அவரு பாத்துட்டு, சுடுற நெலமைல இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். சொந்தக்காரரு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுக்கட்டும். முடிஞ்சிபோச்சி" என்றார். நூற்றெண்பது வருஷத்துக் கோழியை, கேப்பு இல்லாத கோழியை, யார் பார்த்தாலும் அந்த ஒரு வரியைத்தான் எழுத முடியும். இன்று பகல் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் சம்பிரதாயம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சான்றிதழோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். கதிரவன் போட்ட ஸ்பிரிங்கைப் பற்றி ஆர்மரர் கேட்டால் சொல்வேன். கேட்கமாட்டார்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இத்துடன் உறுதிமொழிப் பத்திரம் வைத்திருக்கிறேன். இந்தப் பொருள் உன் தகப்பனாருடையது, உன் வீட்டுப் பரணில் இருந்தது, எந்தக் காலத்திலும் சுடப்பட்டதில்லை, இனியும் சுட முடியாது என்று நானே வாசகம் எழுதி டைப் அடித்திருக்கிறேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. கை நடுங்காமல் போடு, வங்கியில் போடுகிற கையெழுத்தைப் போலவே இருக்கட்டும். ஸ்ரீமதிக்காக விசாரணைக்கு வருகிற காவலரிடம் துப்பாக்கி என்ற பேச்சையே எடுக்காதே. அவர் கேட்டாலும் சான்றிதழ் இருக்கிறது. உட்காரவைத்துக் காபி கொடு. வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

தீபாவளிக்கு உங்கள் மூவரையும் எதிர்பார்க்கிறோம். உன் அக்கா அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள். ஸ்ரீமதி நல்லபடியாக வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் உனக்கொரு வேட்டியும் எனக்கொரு பேனாவும் வாங்கித் தருகிற நாள் தூரத்தில் இல்லை. எல்லாக் காரியமும் நல்லபடியாக முடிந்துவிட்டதாகவே வைத்துக்கொள். சத்யப்பிரியாவுக்கு என் அன்பும் ஸ்ரீமதிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும்.

உன் அன்பு மாமா,
சு. ஞானசேகரன்

பின்குறிப்பு: அதே நாள், மாலை 5.40. கவரை ஒட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் தேதிகளும் அளவுகளும் சரி. மற்றதை எல்லாம் மறந்துவிடு.

ஆர்மரர் பெயர் அருள்மொழி, ஏட்டு, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. பொருளைக் கையில் வாங்கினார். கோழியைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்க்கவில்லை. ஒரு மெல்லிய மரக்கோலை எடுத்துக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு, வாயருகே விரலால் பிடித்து, வெளியே எடுத்து, அதே கோலைக் குழலின் மேல் வைத்துப் பார்த்தார். வெளியே 20.4 சென்டிமீட்டர், அது நான் அளந்ததுதான். உள்ளே 15 தான் இருந்தது. மீதி 5.4 சென்டிமீட்டரில் ஏதோ இருக்கிறது. அவர் சத்தம் போடவில்லை. "சார், எல்லாரும் அஞ்சு நிமிஷம் வெளில இருங்க" என்றார். இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால் வெளியே போனார்.

அஞ்சு நிமிஷம் இல்லை, நாற்பது நிமிஷம் ஆயிற்று. உள்ளேயிருந்து ஒரு சந்தனக் கட்டி, ஒரு துணிச்சுருள், சின்ன நெல்லிக்காய் அளவு ஈயக் குண்டு, அதன் பின்னால் கரிமருந்து, எல்லாவற்றையும் எடுத்துக் காகிதத்தில் வரிசையாக வைத்திருந்தார். மருந்தில் ஒரு சிட்டிகையைச் சிமெண்டுத் தரையில் போட்டுக் கொளுத்தினார். புஸ்ஸென்று எழுந்து மேஜை உயரத்துக்கு வந்தது. "சந்தனம் அடைச்சிக்கிட்டதால மருந்து நமுத்துப்போவல சார். ஒரு கேப்பு இருந்திருந்தா போதும், வெடிச்சிருக்கும். குதிரைக்கு ஸ்பிரிங்கு வேற யாரோ புதுசா போட்டிருக்காங்க, நல்ல வேலக்காரன்" என்று சொல்லிவிட்டு, 'சுடும் நிலையில் உள்ளது, குண்டு நிரப்பப்பட்டிருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே மில்லிமீட்டர் வரைக்கும் அளந்த நான் உள்ளே அளக்கவில்லை, மச்சான். பஸ் ஓட்டுநரை நினைத்து அங்கேயே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று கேட்டார். இனி இது பழம்பொருள் இல்லை, ஆயுதம். எந்தப் பெயரைச் சொல்கிறோமோ அந்தப் பெயரில் வழக்கு வரும். உன் பெயரைச் சொன்னால் அது ஸ்ரீமதியின் காகிதத்துக்குப் போய்ச் சேரும். எனக்கு அறுபத்தொன்பது வயது, இனி எந்த வேலைக்கும் என்னைப் பற்றி யாரும் விசாரிக்கப் போவதில்லை. என்னுடையது என்றேன்.

"அன்னிக்கி சொந்தக்காரங்க வீடுன்னீங்களே?"

"மாமனார் சொந்தக்காரர்தானே. 1984-ல எங்க தலை தீபாவளிக்கு அவர் குடுத்தது."

"எல்லா வீட்லயும் மோதிரம் போடுவாங்க. உங்களுக்குத் துப்பாக்கி போட்டாங்களா சார்?"

"நான் நிருபர் இல்லையா" என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு பொய்கூட என் பெயரில் அச்சாகவில்லை. இது அச்சில் வராது, கோர்ட்டுக்கு மட்டும் போகும். நானே கொண்டுவந்து ஒப்படைத்ததாக எழுதியிருப்பதால், ஒரு நாள் போய் நின்று அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் நினைக்கிறார். அவர் நினைப்பதைத்தான் சொல்கிறேன், தீர்ப்பைச் சொல்லவில்லை. பொருள் இனி கோர்ட்டு வசம். எழிலனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். சொடுக்கிப் பார்த்த விரலைத் தடவிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ஆகவே இத்துடன் உள்ள உறுதிமொழியில் கையெழுத்துப் போடாதே. கிழித்துப் போட்டுவிடு. உங்கள் பரணில் எந்தப் பெட்டியும் இருந்ததில்லை. காவலர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், நீ தாராளமாக வியர்க்கலாம். ஸ்ரீமதி வேலையில் சேர்கிறவரை அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு இருந்தது, அவள் ஊக்கால் நோண்டியது, என்மேல் வழக்கு வரப்போவது, அறுபதாயிரம் போனது, ஒன்று விடாமல். அதிரச மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். நான் முடித்ததும், "ஸ்டேட்மெண்ட்ல எங்கப்பா பேரு போட்டிருக்கா?" என்றாள். போட்டிருக்கிறது என்றேன். "தலை தீபாவளிக்குக் குடுத்ததுன்னு போட்டிருக்கா?" ஆமாம் என்றேன். "கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" போட்டிருக்கிறேன் என்றேன்.

"நாப்பத்தோரு வருஷமா, உங்கப்பா எனக்குத் தலை தீபாவளிக்கு ஒண்ணும் செய்யலன்னு சொல்லிக் காமிச்சிக்கிட்டிருந்தீங்க இல்ல. போயி அதுக்கு ஒரு ஜெராக்ஸ் வாங்கிக்கிட்டு வாங்க."

நாளைக் காலை பத்து மணிக்குப் போகிறேன்.

சு. ஞா.